கறுத்த பழமும் கார்த்திகை அப்பமும்



போன தடவை குழித்தறியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர்கள், "தறியையே எத்தனை நாளைக்கு எழுதுவீங்க, சாப்பாட்டைப் பத்தி ஏதாவது எழுதுங்க" என்றார்கள். என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விஷயம் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே கிடைத்துவிட்டது.

பேத்தி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நாலு நாள் விடுமுறைக்கு வந்திருந்தாள். கிருத்திகைக்கு அர்ச்சனை செய்த தட்டில் மீந்துபோன பூவன் பழம் ஆறு, தோல் கறுத்துப் போய் ஒரு பையில் கிடந்தது. தெருவில் வரும் மாட்டுக்குப் போடலாம் என்று நான்தான் எடுத்து வைத்திருந்தேன். அவள் பையைத் திறந்து பார்த்தாள்.

"தாத்தா, இதைத் தூக்கிப் போடாதீங்க. பனானா பிரெட் பண்ணலாம். பழம் இந்த மாதிரி கறுத்தாத்தான் அதுக்கு நல்லா இருக்கும்" என்று சொல்லி, செல்போனில் படம் படமாகக் காட்டினாள். அதிகம் கனிந்த வாழைப்பழத்தை வீணாக்காமல் சமைக்க எத்தனையோ புதுப்புது வழிகள் இருக்கின்றனவாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் தொண்டையை ஏதோ அடைத்தது. கறுத்த வாழைப்பழம் என்றால் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அறுபது வருஷமாக யாரிடமும் சொல்லாதது. பழத்தின் வரலாற்றோடு சேர்த்து அதையும் இன்று எழுதிவிடுகிறேன்.

தினமும் 150 பழம்

கோயில் ஊரில் பிறந்தவர்களுக்கு வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதாவது ஒரு கோபுரம் கண்ணில் படும். வரதர் கோயில், ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சியம்மன் கோயில், கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் குமரகோட்டம் என்று எங்கே போனாலும் தேங்காய், வெற்றிலை, பாக்கு, இரண்டு பழம். வெள்ளிக்கிழமை, கிருத்திகை, பிரதோஷம், கல்யாணம், சீமந்தம் எல்லாவற்றுக்கும் பழம்தான். தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்துவிடலாம். வெற்றிலையைப் பெரியவர்கள் போட்டுக்கொள்வார்கள். பழம் மட்டும் வீட்டில் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு நாளில் புள்ளி விழும், நாலு நாளில் கறுக்கும்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு கணக்கு உண்டு. பிள்ளையார் கணபதியாருக்குத் தினமும் 150 வாழைப்பழம் படைக்க ராஜராஜ சோழன் 360 காசு முதலாக வைத்தான். அதை வணிகர்களிடம் கொடுத்து வட்டி வாங்க ஏற்பாடு. காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. ஆக வருஷத்துக்கு 45 காசு. ஒரு காசுக்கு 1,200 பழம். 45 காசுக்கு 54,000 பழம். நாள் ஒன்றுக்கு 150 சரியாக வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் போட்ட கணக்கு. ஒரு பழம்கூட இடிக்கவில்லை. தபால் ஆபீசில் சேமிப்புக் கணக்கு வட்டி போட்டே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் நான். இந்தக் கணக்கைப் படித்த அன்று எழுதினவர் யாரோ, அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

தினமும் நூற்றைம்பது பழம் வரும் இடத்தில் எல்லாமே அன்றன்றே தீர்ந்துவிடாது. கனிந்ததை என்ன செய்வது என்ற கேள்வி வந்தே தீரும். நம்மவர்கள் அதற்குக் கண்டுபிடித்த பதில்களைத்தான் நாம் இன்றைக்குப் பிரசாதம் என்றும் பலகாரம் என்றும் சாப்பிடுகிறோம். அப்பம் அதில் ஒன்று, பஞ்சாமிர்தம் இன்னொன்று. விஜயநகர காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி என்று அரிசி, நெய், வெல்லத்துக்கெல்லாம் அளவு போட்டு எழுதியிருப்பார்கள். வீட்டில் அப்பம் சுட்டவர்களோ அதே மாவில் ஒரு கனிந்த பழத்தைப் பிசைந்து போட்டார்கள். வெல்லம் குறைவாகப் போதும், அப்பமும் மெத்தென்று வரும்.

கோயிலில் பழம் மீந்தது நிறைவினால். எங்கள் வீட்டுக்கு அது வந்த வழி வேறு.

1965 கார்த்திகை

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்கட்டில் குழித்தறி. அப்பா நெய்ய, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுப்பேன். ஒரு சேலை இறங்கினால்தான் கூலி.

மழைக்காலம் வந்தால் நெசவாளி வீட்டில் அடுப்பு தயங்கித் தயங்கித்தான் எரியும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. தெருவில் பாவு நீட்ட முடியாது. ஈரக் காற்றில் பட்டு இழை ஒட்டிக்கொள்ளும். தறிக்குழியில் தண்ணீர் ஊறும், சொம்பால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் ஊருக்குப் பண்டிகை மாதம், எங்களுக்குக் கடன் மாதம்.

1965-ல் இதோடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்து ரேஷன் கடை வரிசை என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அரிசிக்குப் பதில் கோதுமை கிடைக்கும். பி.எல். 480 என்று அமெரிக்காவில் 1954-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன் கீழ் கப்பல் கப்பலாக வந்த கோதுமை அது. 1966-ல் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் சுமார் ஒரு கோடி டன். அடுத்த வருஷத் தேர்தலில் எங்கள் ஊர்க்காரரான அண்ணா 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்று சொன்னபோது, அந்த வார்த்தை ஏன் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதை வரிசையில் நின்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அம்மாவுக்குச் சப்பாத்தி போடத் தெரியாது. கோதுமையை அரைத்து வந்து கஞ்சி காய்ச்சினாள், தோசை ஊற்றினாள், களி கிண்டினாள். எங்களுக்கு எதுவும் இறங்கவில்லை. கடைசியில் அவள் பிடித்த வழிதான் கறுத்த வாழைப்பழம்.

மார்க்கெட் பக்கம் பழக்கடைகளில் சாயங்காலம் போனால் சீப்பிலிருந்து உதிர்ந்ததும் கறுத்ததுமான பழங்களை ஒரு கூடையில் தனியாகப் போட்டிருப்பார்கள். பத்துப் பைசாவுக்கு ஒரு பை கிடைக்கும். கோதுமை மாவில் அந்தப் பழத்தைப் பிசைந்து, கொஞ்சம் வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, பணியாரக் கல்லில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுச் சுடுவாள். கோதுமையின் சவசவப்பு எங்கே போகும் என்று தெரியாது. ராத்திரி ஆளுக்கு ஐந்து. எத்தனையோ நாள் எங்களுக்கு அதுதான் சாப்பாடு.

பழம் வாங்கி வருவது என் வேலை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம். தூறிக்கொண்டிருந்தது. நான் பையோடு போய் அந்தக் கூடைக்குப் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் நல்ல மனிதர். சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏம்பா, மாட்டுக்கா?"

பின்னால் என் வகுப்புப் பையன் ஒருவன் அவன் அப்பாவோடு நின்றிருந்தான். அவர்கள் மஞ்சளாக ஒரு முழுச் சீப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அவனைப் பார்த்தேன். "ஆமா, மாட்டுக்குத்தான்" என்று சொன்னேன்.

அவன் சத்தமாகவே கேட்டான். "உங்க வீட்ல ஏதுடா மாடு?"

நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் அகல் ஏற்றி வைத்துவிட்டு மாவு பிசைய உட்கார்ந்திருந்தாள். தீபத்துக்கு அப்பம் சுட வேண்டும். பையை அவள் முன்னால் போட்டேன். "மாடு திங்கறதை நான் திங்க மாட்டேன். இனிமே என்னை அனுப்பாதே" என்றேன்.

அம்மா திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. பழத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். அப்பம் சுட்டு, சாமிக்குக் காட்டி, அப்பாவுக்கும் தங்கைக்கும் போட்டாள். நான் திண்ணையில் போய்ப் படுத்துவிட்டேன். தெருக்கோடியில் சொக்கப்பனை எரியும் வெளிச்சம் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. அன்று என் பங்கு ஐந்தையும் யார் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பழம் வாங்க அம்மாவே போனாள்.

கறுப்பது எதனால்?

பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தெரிந்திருந்தால் கொஞ்சம் தலை நிமிர்ந்து நின்றிருப்பேன்.

வாழைக்காயில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் மாவுச்சத்து. சர்க்கரை ஒன்றிரண்டு பங்குதான். காய் பழுக்கப் பழுக்க இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. நன்றாகக் கனிந்த பழத்தில் மாவு ஒன்றிரண்டு பங்கு, சர்க்கரை இருபது பங்கை நெருங்குகிறது. கறுத்த பழத்தைப் போட்டால் வெல்லம் குறைவாகப் போதும் என்று அம்மா சொன்னதன் கணக்கு இதுதான். தோல் கறுப்பதும் அழுகல் இல்லை. வாழைக்காயை நறுக்கி வைத்தால் காற்றுப் பட்டுக் கறுக்கிறதே, அதே சங்கதிதான் தோலிலும் நடக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பழம் ஒரே நாளில் கன்னங்கரேல் என்று ஆகும். உரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும்.

பழத்தைப் பழுக்க வைப்பது எத்திலீன் என்ற வாயு. 1910-ல் ஜமைக்கா தீவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. ஆரஞ்சுப் பழத்தையும் வாழைப்பழத்தையும் கப்பலில் ஒன்றாக ஏற்றாதீர்கள், ஆரஞ்சிலிருந்து வரும் ஏதோ ஆவி வாழையைச் சீக்கிரம் பழுக்க வைத்துவிடுகிறது என்று. பழமே அந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை இங்கிலாந்தில் கேன் என்ற விஞ்ஞானி 1934-ல் நிரூபித்தார். நம் ஊர் மண்டிக்காரர்கள் இந்த வாயுவின் பெயர் தெரியாமலே அதை வைத்துத் தொழில் செய்தார்கள். தாரை அறைக்குள் அடுக்கி, வைக்கோலும் சருகும் போட்டுப் புகை மூட்டி, கதவை அடைத்து மண் பூசுவார்கள். அந்தப் புகையிலும் இருப்பது எத்திலீன்தான்.

நான் மாட்டுத் தீனி என்று சொன்ன அந்தப் பழத்துக்கு, சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1759-ல் வைத்த பெயர் 'மூசா சேப்பியன்டம்'. ஞானிகளின் வாழை என்று பொருள். இந்தியாவின் ஞானிகள் உண்டு வாழும் பெரிய பழம் ஒன்று உண்டு என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்திருந்தார். அதை நினைவில் வைத்துக் கொடுத்த பெயர்.

பழனியில் அம்மா சொன்னது

1974-ல் எனக்குத் தபால் இலாகாவில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவைப் பழனிக்கு அழைத்துப் போனேன். அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த வேண்டுதல்.

அடிவாரத்தில் ஒரு கடை வாசலில் மலைவாழைப் பழத்தைக் கூடை கூடையாக இறக்கி உரித்துக்கொண்டிருந்தார்கள். தோலெல்லாம் கறுப்புப் புள்ளி. சில பழங்கள் முழுக்கவே கறுத்திருந்தன. அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். உரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஏங்க, இது கனிஞ்சு போச்சே?" என்று கேட்டாள். "கனியாட்டிப் பஞ்சாமிர்தம் ஏதும்மா? காய்வெட்டாப் போட்டா திப்பி திப்பியா நிக்கும். கனிஞ்சாத்தான் சர்க்கரையோட சேரும்" என்றார் அவர்.

பழனிப் பஞ்சாமிர்தத்தின் சூட்சுமமே அந்தப் பழத்தில்தான் இருக்கிறது. வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் இவ்வளவுதான் சேர்மானம். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மலைவாழையில் நீர்ச்சத்து குறைவு. அதனால்தான் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் நிற்கிறது. கனிந்த பழத்தைக் கெடாமல் வைத்துக்கொள்ள உலகத்தில் எத்தனையோ வழிகள் உண்டு. ஆப்பிரிக்காவில் உகாண்டா பக்கம் வாழைப்பழச் சாற்றைப் புளிக்க வைத்து மதுவாக்குகிறார்கள். நாம் தேனிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்டு ஆண்டவனுக்கு அபிஷேகம் செய்கிறோம்.

விருப்பாட்சி என்ற பெயர் பழனி மலைத்தொடரின் அடியில், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உள்ள ஊரிலிருந்து வந்தது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஊர் அது. 1801-ல் ஆங்கிலேயர் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த மலைவாழைக்கும் ஒரு கேடு வந்தது. முடிக்கொத்து நோய் என்று ஒன்று. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ். இலைகள் கொத்தாகக் குறுகி நின்றுவிடும், குலை தள்ளாது. மலையில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நோயில்லாத கன்றுகளை உண்டாக்கிக் கொடுத்து மீட்கப் பாடுபட்டது. 2008-ல் விருப்பாட்சிப் பழத்துக்கும் சிறுமலைப் பழத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-ல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்குக் குறியீடு கிடைத்தது அதுவே முதல் முறை.

இதெல்லாம் பின்னால் வந்த செய்தி. 1974-ல் அந்தக் கடை வாசலில் நின்றபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியாடா, ஆண்டவனுக்கும் கனிஞ்சதுதான் வேணுமாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தின கார்த்திகையை நினைத்துத்தான் சொன்னாளா, சும்மா சொன்னாளா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் பஞ்சாமிர்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, "வாம்மா, வெயில் ஏறுது" என்று சொல்லிப் படியைப் பார்த்து நடந்தேன்.

அம்மா 1998-ல் போய்ச் சேர்ந்தாள்.

பேத்தியின் பிரெட்

இப்போது பேத்தியின் பனானா பிரெட்டுக்கு வருகிறேன். அதுவும் ஏதோ பணக்கார வீட்டுப் பலகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் கதையும் நம் வீட்டுக் கதைதான்.

அமெரிக்காவில் 1929-ல் பங்குச்சந்தை விழுந்து, பத்து வருஷம் வேலையில்லாமல் ஜனங்கள் தவித்தார்கள். ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். அந்தக் கட்டத்தில்தான், கறுத்துப்போன வாழைப்பழத்தையும் எறிய மனமில்லாமல் மாவில் பிசைந்து, பேக்கிங் சோடா போட்டு வேகவைக்கும் முறை வீட்டுக்கு வீடு பரவியது. பில்ஸ்பரி மாவுக் கம்பெனி 1933-ல் போட்ட சமையல் புத்தகத்தில் அது இடம்பிடித்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது மறுபடியும் எல்லோரும் அதையே செய்யத் தொடங்கினார்கள். கஷ்டம் வரும்போதெல்லாம் மனிதர்களுக்குக் கறுத்த பழத்தின் நினைவு வருகிறது.

யோசித்துப் பாருங்கள். அமெரிக்கக்காரி அவள் ஊர்க் கோதுமையில் கறுத்த பழத்தைப் பிசைந்தாள். முப்பது வருஷம் கழித்து அதே அமெரிக்கக் கோதுமையில் பிள்ளையார்பாளையத்தில் என் அம்மாவும் கறுத்த பழத்தைப் பிசைந்தாள். இருவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருத்தியிடம் அடுப்புப் பெட்டி இருந்தது, இன்னொருத்தியிடம் பணியாரக் கல் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் அக்கம்பக்கத்திலும் இது உண்டு. மங்களூரில் பன் என்று ஒன்று தருவார்கள். பெயர்தான் பன், பார்வைக்குப் பூரி. மைதாவில் கறுத்த பழம், தயிர், சீரகம், சர்க்கரை சேர்த்துப் பிசைந்து ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் பொரிப்பது. கேரளத்தில் கொட்டாரக்கரை கணபதி கோயிலின் உண்ணியப்பம் பேர்போனது. அதில் அரிசி மாவு, வெல்லத்தோடு பழமும் உண்டு. கடல் தாண்டி மலேசியாவில் கனிந்த பழத்தை மாவோடு பிசைந்து உருட்டிப் பொரித்ததைச் செக்கோடோக் என்கிறார்கள். சாயங்காலத் தேநீருக்கு அங்குள்ள தமிழர் வீடுகளிலும் அது உண்டு.

அம்மாவின் கணக்கு

கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். அதனால் செய்முறையையும் எழுதிவிடுகிறேன்.

கோதுமை மாவு ஒரு டம்ளர். அரிசி மாவு கால் டம்ளர். தோல் நன்றாகக் கறுத்த பூவன் பழம் மூன்று. வெல்லம் அரை டம்ளர், கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டியது. ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய், வீட்டில் இருந்தால் தேங்காய்ப் பல். பழத்தை முதலில் கையால் கட்டியில்லாமல் பிசைந்துகொண்டு, வெல்லத் தண்ணீரை ஊற்றி, பிறகு மாவைத் தூவிக் கரைக்க வேண்டும். இட்லி மாவுப் பதம். அரை மணி ஊற வேண்டும். சோடா மாவு தேவையில்லை. பணியாரக் கல்லில் குழிக்கு நாலு சொட்டு எண்ணெய், சின்னத் தீ. தீ கூடினால் பழத்தின் சர்க்கரை வெளியே கருகிவிடும், உள்ளே வேகாது. மாவு நீர்த்துவிட்டால் இன்னும் ஒரு கரண்டி அரிசி மாவு சேர்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. தோல் கறுத்திருந்தால் பரவாயில்லை. ஆனால் பூசணம் பிடித்திருந்தாலோ, தண்ணீர் வடிந்தாலோ, கள் வாடை அடித்தாலோ அது கெட்ட பழம், எறிந்துவிடுங்கள். இன்னொன்று, என்னைப் போல் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு. கனியக் கனியச் சர்க்கரை ஏறும் என்று மேலே எழுதியிருக்கிறேன். இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து சாப்பிடும் வயதில் நான் சாப்பிடாமல் விட்டேன், இப்போது ஆசைப்பட்டால் டாக்டர் விடுவதில்லை.

இந்தக் காலத்தில் கறுத்த பழம் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கடைகளில் இப்போது கிராண்ட் நைன் என்ற பச்சை வாழை வகைதான் அதிகம். பிரெஞ்சில் அதற்குப் பெரிய குள்ளன் என்று பொருளாம். திசு வளர்ப்புக் கன்றுகளில் ஒரே அளவாகக் காய்க்கும், லாரியில் அடிபடாது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதற்குப் பதில் எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை அறைக்குள் விட்டுப் பழுக்க வைக்கலாம் என்று உணவுப் பாதுகாப்புத் துறை 2016-ல் அனுமதித்தது. முறையாகச் செய்தால் தப்பில்லை. ஆனால் அவசரக்காரர்கள் கையில் தோல் மட்டும் மஞ்சளாகி, உள்ளே காயாகவே நிற்கும் பழமும் வருகிறது. அதை எத்தனை நாள் வைத்தாலும் அழுகும், கனியாது. பூவன், கற்பூரவல்லி, ரஸ்தாளி வாங்கினால் வீட்டு மூலையில் தொங்கவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள்.

மார்க்கெட்டில்

பேத்தி செய்த பனானா பிரெட் நன்றாகவே வந்தது. மறுநாள், "தாத்தா, உங்க அம்மா சுட்ட மாதிரி எனக்கு ஒண்ணு பண்ணிக் காட்டுங்க" என்றாள். ஆறு பழமும் பிரெட்டில் தீர்ந்து போயிருந்தது. பையை எடுத்துக்கொண்டு ராஜாஜி மார்க்கெட் பக்கம் போனேன்.

ஒரு பழக்கடையில் கறுத்த பழம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். கீழே குனிந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தான். "இருக்கு சார். மாட்டுக்கா? எடுத்துக்குங்க, காசெல்லாம் வேணாம்."

பக்கத்தில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். "மாட்டுக்கு இல்லப்பா" என்றேன். "எனக்குத்தான். எங்க அம்மா அப்பம் சுடுவாங்க இதுல. காசு வாங்கிக்கோ." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தம்பி என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பத்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேத்தி சுட, நான் பக்கத்தில் நின்று தீயைக் குறைக்கச் சொன்னேன். முதல் ஐந்து அப்பத்தை ஒரு இலையில் வைத்து அம்மா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

உங்கள் வீட்டிலும் கறுத்த பழத்தில் செய்த பலகாரம் ஏதாவது இருந்திருக்கும். அவரவர் அம்மா, பாட்டி செய்த முறையை எழுதுங்கள். அளவோடு எழுதினால் இன்னும் நல்லது.